ரெண்டாம் பிரேக் மாஸ்டர் கொடுத்த நற்சான்று

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்குச் சந்தேகப் புத்தி இல்லாவிட்டால் முழு உடம்போடு வீடு திரும்ப முடியாது. நம் மாஸ்டர் இருபத்தொன்பது வருடமாக முழு உடம்போடு திரும்பிக்கொண்டிருப்பவர். அவருடைய சின்ன வெள்ளைக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில். கற்றுக்கொள்ள வந்தவர் கோட்டை விட்டால் இவர் கால் காரியத்தை முடித்துவிடும். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதுகு திரும்பினால் 'ரெண்டாம் பிரேக்'. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். வைத்தது யார் என்றுதான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பல்பு வாங்கினால் கடைக்காரரை இரண்டு தடவை எரியவிட்டுக் காட்டச் சொல்வார். மூன்றாவது தடவை தாமே எரியவிட்டுப் பார்ப்பார். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பேருந்தில் போனாலோ முன் சீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். ஒவ்வொரு வளைவிலும் மாஸ்டரின் வலது கால் அவர் சீட்டின் அடியை ஓங்கி மிதிக்கும். "அவ்வளவு பயமா இருந்தா நீயே போய் ஓட்டேன்யா" என்று ஒருவர் கத்தியதுண்டு. மாஸ்டருக்கு அது ஒன்றும் கெட்ட யோசனையாகப் படவில்லை.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மனைவி பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவள். "பேருந்து இன்னும் பத்து நிமிடத்தில் வந்து சேரும்" என்று இருபத்திரண்டு வருடம் ஊருக்கே சொன்ன குரல் அவளுடையது. வண்டி எந்தக் காட்டில் நிற்கிறது என்று யாருக்குமே தெரியாத நாளிலும் பத்து நிமிடம் என்றுதான் சொல்லச் சொல்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்டன. மைக்கை வைத்துவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் காலை ஆறரைக்கு நகரசபை ஆஸ்பத்திரிக்கு நடந்து போவாள். ஏழு நிமிட நடை. அங்கே ஒரு நீள அறையில் நான்கு டயாலிசிஸ் மிஷின்கள். நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வருவாள். அதற்குள் மாஸ்டர் காலைப் பாடங்களையெல்லாம் முடித்துவிட்டு வாசலில் காரோடு நிற்பார். ஆறிலிருந்து பத்தரை வரைதான் அவருக்கு ஆட்கள் வருவார்கள். அதற்கு மேல் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். மனைவியின் நேரமும் மாஸ்டரின் நேரமும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியிருந்தன.

இந்த ஏற்பாட்டில்தான் நகரசபைத் தலைவர் தேர்தல் வந்து கை வைத்தது. போட்டி இரண்டே பேருக்குள். ஒருவர் மருந்துக்கடைக்காரர், மற்றவர் மரக்கடைக்காரர்.

டயாலிசிஸ் பிரிவை மூடுவேன் என்றார் மருந்துக்கடைக்காரர். மிஷின்கள் பழசு, டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் எட்டிப் பார்க்கிறார், நோயாளிகளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதுதான் சரி என்பது அவர் கட்சி. "என் உயிர் உள்ளவரைக்கும் அந்தக் கதவில் பூட்டு விழாது" என்றார் மரக்கடைக்காரர். அவருக்குக் கைதட்டல் அதிகம்.

அக்கரைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். சுவரைப் பிடித்து நடக்கிறவளைத் தனியாக அனுப்ப முடியாது. மாஸ்டர் கூடவே போனால் வாரத்தில் மூன்று காலை போய்விடும். மூன்று காலை போனால் ஆட்கள் புதிதாக வந்திருக்கும் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். வெள்ளைக் காரை விற்றுவிட்டு உட்கார வேண்டியதுதான். ஆக, சொன்ன திட்டத்தை மட்டும் பார்த்தால் மாஸ்டரின் ஓட்டு மரக்கடைக்காரருக்குத்தான்.

ஆனால் மாஸ்டருக்கு மரக்கடைக்காரரைத் தெரியும். பல வருடத்துக்கு முன் பாடத்துக்கு மூன்றே நாள் வந்தவர் அவர். மூன்றாம் நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பள்ளிக்கூடத்துக் கம்பி வேலியைச் சாய்த்தார். காவலாளி ஓடி வந்ததும், "மாஸ்டர் ஓட்டிக் காட்டினாரு, இடிச்சிட்டாரு" என்று கண் இமைக்காமல் சொன்னார். நான்காம் நாள் ஆளைக் காணோம். டெஸ்ட் நடக்கும் மைதானத்துப் பக்கம் தலைகாட்டாமலே லைசென்ஸ் வாங்கிவிட்டார் என்று பிறகு தெரியவந்தது. அந்த ஆள் பொழுது விடிந்துவிட்டது என்று சொன்னால் மாஸ்டர் ஜன்னலைத் திறந்து பார்க்காமல் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

மருந்துக்கடைக்காரர் விஷயம் வேறு. மாஸ்டர் தம் வாயால் நற்சான்று கொடுத்த ஒரே மனிதர் அவர்தான். பதினைந்து வருடத்துக்கு முன் சந்தைக்குப் பின்னால் உள்ள வளைவில் நடந்தது அது. ஸ்டீயரிங்கில் மருந்துக்கடைக்காரர். வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவே ஒரு மனிதர் குந்தியிருந்தார். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். கார் அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மருந்துக்கடைக்காரர் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"நான் என் பிரேக்குல காலை வைக்கவே இல்ல" என்பார் மாஸ்டர். "யோசிச்சு நிறுத்துறவன் வேற, யோசிக்காமலே நிறுத்துறவன் வேற. அந்த அரை நொடியில ஆளோட யோக்கியதை தெரிஞ்சுபோயிடும்." சலூனில் சொன்னார். டயர் கடையில் சொன்னார். கற்றுக்கொள்ள வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொன்னார். ஊரில் மருந்துக்கடைக்காரருக்கு இருந்த நல்ல பெயரில் பாதி அவருடைய மாத்திரைகள் வாங்கிக் கொடுத்தது. மீதிப் பாதி மாஸ்டரின் வாய் வாங்கிக் கொடுத்தது.

"அவர் நல்லவருங்கறதுதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மனைவி. "மூடுவேன்னா கட்டாயம் மூடிடுவாரு. அந்த மரக்கடைக்காரர் மூடுவேன்னு சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. நல்லவருக்குப் போட்டால் மனைவிக்குக் கேடு, மனைவிக்காகப் போட்டால் ஒரு புளுகனுக்குப் போட வேண்டும். இரண்டு வாரமாக இதுவே அவர் மண்டையைக் குடைந்தது.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேறு. டயாலிசிஸ் அறையைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் வேலை இல்லாத நாட்களில் மாஸ்டரிடம் கார் கற்றுக்கொண்டிருந்தாள். தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது பாலத்து ரோட்டில் ஓட்டியபடி பேச்செடுத்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேட்கட்டுமா?"

"கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே கேளு."

"அக்காவுக்கு இங்க சுத்தமாகிறது பத்தல, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துங்கன்னு டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரே. நாலு மாசமாச்சு. என்ன முடிவு பண்ணீங்க?"

"முன்னால லாரி நிக்குது பாரு."

"லாரி அங்க எங்கயோ நிக்குது மாஸ்டர்."

"நிக்குதுல்ல? அதைப் பாரு."

டாக்டர் சொன்னது உண்மைதான். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டி, இந்த எண்கள் இறங்க வேண்டும், இறங்கவில்லை, இங்குள்ள மிஷினால் இதற்கு மேல் முடியாது என்று பொறுமையாகச் சொல்லியிருந்தார். மாஸ்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வாசல் தாண்டுவதற்குள், அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் இந்த டாக்டருக்கு ஏதோ கிடைக்கும் என்று முடிவு கட்டிவிட்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. இப்போது நர்ஸ் கேட்டதும் அவள் மேலும் சந்தேகம் திரும்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்றுதானே இவளும் கார் ஓட்டப் பழகுகிறாள்?

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர், டாக்டரைப் பற்றிய சந்தேகத்தை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை. யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் டாக்டர் யோக்கியர் என்று தெரிந்துவிடும், அப்புறம் காலைப் பாடங்களை விட வேண்டியிருக்கும். வாழ்நாளில் அவர் செய்தவற்றுள் மட்டமான காரியம் இதுதான். அது அவருக்கும் தெரிந்தேதான் இருந்தது.

தேர்தலுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். கூட்டமில்லை, கொடியில்லை, தனியாக வந்திருந்தார். அதுவே மாஸ்டருக்கு உறுத்தியது. ஓட்டுக் கேட்க வருகிறவர் தனியாக வருவாரா? ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தார். கீழேயும் யாரும் இல்லை. மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தேர்தல் நோட்டீஸுக்கு அச்சகத்தில் போட்டுப் பார்த்த ஒற்றை மாதிரி. வெள்ளைக் காரில் சாய்ந்தபடி மாஸ்டர் நிற்கும் படம். அதற்குக் கீழே அந்த வளைவுக் கதை முழுவதும்.

"நம்ம பசங்க அச்சடிக்கலாமான்னு கேட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன், மாஸ்டர்."

"ஏன், என் மூஞ்சி நல்லா இல்லையா?"

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. விஷயந்தான் சரியில்ல. அன்னைக்குப் பிரேக் போட்டது நான் இல்ல. நீங்க."

மாஸ்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் அந்த ஆளைப் பார்க்கவே இல்ல" என்றார் மருந்துக்கடைக்காரர். "குனிஞ்சு கியரைப் பார்த்துக்கிட்டிருந்தேன். வண்டி குலுங்கி நின்னப்புறந்தான் நிமிர்ந்தேன். இறங்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தது மட்டுந்தான் நான்."

"கதை அளக்காதீங்க. என் கால் எனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றாள் மனைவி, துணியை விட்டுத் தலை தூக்காமல். "டி.வி.யில கார் ஓடினாலே மிதிக்கிறீங்க. அது உங்களுக்குத் தெரியுதா? அன்னைக்குக் கணுக்கால் வீங்கிப்போய் வெந்நீர்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. நான்தான் துணி சுத்திவிட்டேன். மறுநாள் காலையில இந்தக் கதையை ஆரம்பிச்சீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஒருத்தரை நல்லவர்னு நீங்க சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான். அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மாஸ்டரின் முகம் சிறுத்துவிட்டது. பதினைந்து வருடம் ஊரெல்லாம் தூக்கிச் சுமந்த நற்சான்று, கடைசியில் தமக்குத் தாமே எழுதிக்கொண்டதாக முடிந்திருக்கிறது. அவமானத்தைக் கோபமாக மாற்ற அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அப்ப பதினஞ்சு வருஷமா நீங்க ஏன் வாயைத் திறக்கல?"

"கேட்க நல்லா இருந்துச்சு" என்றார் மருந்துக்கடைக்காரர். "கடைக்கு வர்றவங்க சொல்லச் சொல்ல, நாமதான் நிறுத்தினோமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு. அச்சுல பார்த்ததுந்தான் கூசிப்போச்சு."

மனைவி மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "சரி தம்பி, என் விஷயத்துக்கு வாங்க. ஜெயிச்சா அந்த மிஷின் ரூமை மூடிடுவீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "மூடிடுவேன்க்கா."

"நான் எப்படி அக்கரைக்குப் போறது?"

"நோயாளிங்களுக்கு ஒரு வேன் விடணும்னு கேட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் யாரும் சரின்னு சொல்லல. வேன் வரும்னு இன்னைக்குச் சொன்னா அது பொய். ஆனா அக்கா, உங்க மருந்துச் சீட்டு என் கடைக்குத்தானே வருது. மாசா மாசம் அதைப் பார்க்கிறப்போ..."

மாஸ்டர் சடாரென்று எழுந்தார். "நீங்க இன்னும் நாலு வீடு ஏறணும். நேரமாச்சு" என்று அவர் தோளைத் தொட்டுப் படி வரைக்கும் தள்ளாத குறையாகக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைச் சாத்தப் போனார்.

அடுத்த மூன்று நாளும் மாஸ்டரின் மூளை வேலை செய்த வேகத்துக்கு அவர் கார்கூட ஓடியதில்லை. மருந்துக்கடைக்காரர் ஏன் இப்போது வந்து சொன்னார்? நோட்டீஸில் வந்தால் அந்த மூக்குக் கண்ணாடிக்காரர் எங்கிருந்தாவது முளைத்துவிடுவார் என்ற பயமா? சின்ன உண்மையைச் சொல்லிக் கொடுத்து, பெரிய விஷயத்தில் நம்பிக்கையை வாங்கும் தந்திரமா? பதினைந்து வருடம் இனிக்க இனிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர் எந்த வகையில் யோக்கியர்? மரக்கடைக்காரர் வேலி விஷயத்தில் ஒரு தடவை பொய் சொன்னார். இவர் பதினைந்து வருடம் சும்மா இருந்தே பொய் சொன்னார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததும் மாஸ்டருக்கு மனசு லேசாகிவிட்டது. குணத்தில் இரண்டு பேரும் சமம் என்று ஆகிவிட்டால் அப்புறம் பார்க்க வேண்டியது திட்டம் ஒன்றுதான். திட்டம் என்றால் மிஷின் ரூம் இருக்க வேண்டும். மனைவிக்காகத்தான் இந்த முடிவு என்று தமக்குத் தாமே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டார். ஒரு தடவை சொல்லி நம்ப முடிந்திருந்தால் நாலைந்து தடவை சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஓட்டுப் போடும் நாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் நீண்ட வரிசை. ஆண்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒரு அறை. மாஸ்டர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய், முத்திரையை மரக்கடைக்காரரின் கட்டத்தில் அழுத்தினார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார். பெட்டியின் பூட்டைச் சற்று நேரம் பார்த்தார். அங்கிருந்த அதிகாரி, "ஐயா, நகருங்க" என்றார்.

வெளியே மைதானத்தில் மனைவி ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றதில் கால் வீங்கியிருந்தது. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருக்குப் போட்டீங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னுதானே அட்டை வச்சு மறைச்சிருக்காங்க."

"மரக்கடைக்காரருக்கா?"

மாஸ்டர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார். பிறகு, "உனக்காகத்தான்" என்றார்.

"நான் மருந்துக்கடைக்காரருக்குப் போட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அந்த ஆளு மூடிடுவாரு!"

"மூடட்டும். இருபத்திரண்டு வருஷம் மைக்குல பொய் சொன்னவ நான். பத்து நிமிஷத்துல வரும், பத்து நிமிஷத்துல வரும்னு. நம்பி மழையில நின்னவங்களை ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன். இவரு என் மூஞ்சியைப் பார்த்து வேன் இல்லைன்னு சொன்னாரு. எனக்கு அது போதும்."

"அதுவும் ஒரு தந்திரமா இருக்கலாம். உனக்குத் தெரியாது."

"இருக்கலாம். ஓட்டு வாங்கறதுக்குன்னே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனா சொன்னாருல்ல. என்கிட்ட யாருங்க சொல்றா?"

மாஸ்டர் வரிசையைப் பார்த்தார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் வேறெங்கும் பார்க்க இடமில்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசத்துக்கு முன்னால டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு" என்று ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். எண்கள் இறங்காததைச் சொன்னார். டாக்டர் மேல் சந்தேகம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதைச் சொன்னார். விசாரிக்காததையும், ஏன் விசாரிக்கவில்லை என்பதையும், காலைப் பாடங்களையும், கார் நின்றுபோய்விடும் என்ற பயத்தையும் சொன்னார். "நாளைக்கே அக்கரைக்குப் போகலாம். காரை விக்கிறதுன்னா விக்கலாம்" என்றார்.

மனைவி கேட்டு முடித்தாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். டாக்டர் உங்ககிட்ட சொன்ன அன்னைக்கே நர்ஸ் என்கிட்டயும் சொல்லிட்டா."

"தெரிஞ்சா ஏன் என்னைக் கேட்கல? நாலு மாசம், இப்படி உடம்பைக் கெடுத்துக்கிட்டு..."

"நான் கேட்டு நீங்க சொன்னா அது எனக்கெதுக்கு? நீங்களாச் சொல்றீங்களான்னு பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வாசல்ல காரைக் கொண்டாந்து நிறுத்துவீங்க. இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு ஏறி உட்காருவேன். நீங்க கண்ணாடியைச் சரி பண்ணிட்டு வண்டியை எடுப்பீங்க."

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். வரிசையில் நின்ற தெரிந்தவர் ஒருவர் கையசைத்தார். அவளும் கையசைத்தாள். பிறகு புடவையைச் சரி செய்துகொண்டு கேட்டை நோக்கி இரண்டடி நடந்து, அவருக்காக நின்றாள்.

"நல்ல வேளை" என்றாள், "நீங்க தேர்தல்ல நிக்கல."